வண்டுக்குள் பெருமாள்

தேநீரில் ஈ விழுந்தால் எடுத்துப் போட்டுவிட்டு மிச்சத்தைக் குடிக்கிற ஆள் நான். பூச்சி என்றால் எனக்கு அருவருப்பும் கிடையாது, பயமும் கிடையாது. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா. பெயர் தனகோடி, வயது நாற்பத்து மூன்று, ஊர் ஆம்பூர். அதையெல்லாம் பிறகுகூட எழுதலாம்.

முதல் வண்டு எரிந்தது என் தப்பு. அதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. எண்பத்து நாலாம் வருஷம் சித்திரையில், பாலாற்று மணலில் படத்துக்குப் பூஜை போட்டோம். காகிதக் கூழும் கோணிச் சாக்கும் வைத்து நானே செய்த வண்டு, ஆறடி நீளம். கண்ணுக்கு இரண்டு சிவப்பு பல்பு, வயிற்றில் ஒரு லாரி பேட்டரி, உள்ளே ஆளாக என்கூட வேலை செய்கிற பெருமாள். தேங்காய் உடைத்ததும் கண் எரிய வேண்டும். நான் ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டதில் பின்பக்கம் எரிந்தது. வண்டு சடாரென்று எழுந்து இரண்டு காலில் ஓடி, தோல் பதனிடுகிற டேனரித் தண்ணீர் தேங்கிய ஒரு குட்டையில் போய் உட்கார்ந்தது. புகை அடங்கியதும் பெருமாள் தலையை வெளியே நீட்டி, "இன்னாண்ணா, படம் முடிஞ்சிச்சா?" என்று கேட்டான்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பணம் போட்ட கோவிந்தராஜ் குடியாத்தத்தில் பவர்லூம் வைத்து லுங்கி நெய்கிறவர். கண்ணைத் துடைக்கத் தன் சரக்கையே தூக்கிக்கொண்டார். டைரக்டர் கிருஷ்ணராஜ் மட்டும் சிரிக்கவில்லை. வேலூர் பக்கம் சத்துவாச்சாரிக்காரர். மெட்ராஸில் ஏழு வருஷம் யார் யாருக்கோ உதவி டைரக்டராக இருந்து, உதவி செய்தது போதும் என்று திரும்பி வந்தவர். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "தனகோடி, இத பாத்து ஒரு கொழந்த கூட அழாது."

கதையைச் சொல்லிவிடுகிறேன். கிடங்கில் பச்சைத் தோலைத் தின்கிற வண்டு உங்களுக்குத் தெரியும், கடலைப்பருப்பு அளவுதான் இருக்கும். எங்கள் படத்தில் அது டேனரிக் கழிவைக் குடித்துவிட்டுத் தென்னை உயரம் வளர்ந்து வேலூர்க் கோட்டையை இடிக்கிறது. கடைசியில் கட்டம் போட்ட குடியாத்தம் லுங்கியைக் கண்டு மிரண்டு ஓடுகிறது. கடைசிப் பகுதி கோவிந்தராஜ் எழுதியது.

நான் பதினாறு வருஷம் டேனரியில், தோலைப் போட்டுச் சுழற்றுகிற டிரம் பக்கம் வேலை செய்தவன். பெருமாளும் அதே டிரம்தான். கம்பெனி ஆண்டுவிழா நாடகத்தில் பதினோரு வருஷம் நான் காமெடியன். மேடையில் பிணமாகப் படுத்தாலும் சிரிப்பார்கள். என் அப்பா செத்தபோது நான் அழுததைப் பார்த்து இரண்டு பேர் சிரித்துவிட்டு மன்னிப்புக் கேட்டார்கள். இந்த வண்டாவது யாரையாவது பயமுறுத்தும் என்று நினைத்திருந்தேன். அது உட்கார்ந்த இடம் குட்டை.

அதனால்தான் தோலுக்குப் போனேன். ஆறு ஆட்டுத்தோல், முடி களைந்து, சுண்ணாம்பு போகக் கழுவி, பதனிடாமல் ஈரமாகவே எடுத்தேன். பதனிட்ட தோல் நாம் சொன்னபடி கேட்கும். பதனிடாத தோல் வெயில் சொன்னபடிதான் கேட்கும். காயக் காயச் சுருங்கி விறைக்கும். பறைக்கு இழுத்துக் கட்டுவது அதைத்தான். கழுத்திலிருந்து தொடை வரை பெருமாள் உடம்போடு வைத்துத் தைத்தேன். கையில் முன்கால் இரண்டையும் மாட்டினேன். தலை மட்டும் காகிதக் கூழ். கண் இருக்கும் இடத்தில் நாலணா அளவுக்கு இரண்டு ஓட்டை.

ஒத்திகைக்கு அரைமணி நேரம் வெயிலில் நிற்கச் சொன்னேன். முதலில் பழைய பெருமாள்தான், ஆடிக் காட்டினான். இருபது நிமிஷத்தில் தோல் பிடிக்க ஆரம்பித்தது. முழங்கை மடங்கவில்லை. ஒரு அடி வைக்கும், நிற்கும். தலையைத் திருப்ப வேண்டுமென்றால் உடம்பு மொத்தமும் வெடுக்கென்று திரும்பும். மணலில் விறகுச் சுமையோடு போன ஒரு அம்மா அதைப் பார்த்தாள். சுமையைப் போட்டுவிட்டு, சத்தம் கூட வராமல் ஓடினாள். நான் செய்த ஒரு காரியத்தைப் பார்த்து ஒரு மனுஷி பயந்தது அதுதான் முதல் தடவை. அந்த விறகை நானே சுமந்துபோய் அவள் வீட்டில் போட்டுவிட்டு வந்தேன். எனக்கு மனசு இளகியது.

பிரித்து எடுத்ததும் பெருமாள் மார்பில் கோடு கோடாகச் சிவந்திருந்தது. "நெஞ்ச புடிக்குதுண்ணா. அடுத்த வாட்டி கொஞ்சம் லூஸா தைங்க" என்றான். சரி என்றேன். அளவுக்குத் தைத்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன் அல்லவா, அதை அடிக்க வேண்டாம், பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்: நாலு விரல் குறைத்துத் தைத்தேன். லூஸாக இருந்தால் வயிற்றில் மடிப்பு விழும். மடிப்பு விழுந்தால் சிரிப்பார்கள்.

கோட்டையை இடிக்கிற காட்சி வைகாசியில். அட்டையில் கோட்டை கட்டி வைத்திருந்தேன், அகழிக்குக்கூட நீலத்தாள் ஒட்டி. பிலிம் ஒரே ஒரு ரோல்தான் மிச்சம், நாலரை நிமிஷம் ஓடும். பெருமாளைக் காலை பத்து மணிக்கு உள்ளே வைத்துத் தைத்தேன். இரட்டை நூல். பதினோரு மணிக்கு எடுத்துவிடலாம் என்றார் கிருஷ்ணராஜ். பன்னிரண்டரை ஆகட்டும், தோல் இன்னும் பேசவில்லை என்று நான்தான் சொன்னேன். அதுவரை அவனுக்குக் கண் ஓட்டை வழியாக ஸ்ட்ரா விட்டு மோர் கொடுத்தேன். இரண்டு தடவை. மூன்றாம் தடவை அவன் வாங்கவில்லை.

கேமரா ஓடியது. அந்த வண்டைப் பார்த்து நானே பயந்தேன் ஏட்டையா. நானே தைத்தது, உள்ளே யார் என்று தெரியும், மோர் கொடுத்த கை இது. இருந்தும் ஒரு அடி பின்னால் வைத்தேன். படம் ஜெயித்துவிடும் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வண்டு கோட்டை வாசலில் நின்று, எங்கள் பக்கம் திரும்பி, முன்கால் இரண்டையும் தலைக்கு மேலே தூக்கி, ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே வைத்தது. கிருஷ்ணராஜ் என் காதோரம், "இது நீங்க சொல்லிக் குடுத்ததா?" என்றார். ஆமாம் என்றேன். மறுபடியும் அதே மாதிரி தூக்கியது. மூன்றாம் தடவை பாதிதான் வந்தது. பிறகு முட்டி போட்டுக் கோட்டை மேல் சாய்ந்தது. கதையில் இருந்தபடியே கோட்டை இடிந்தது. கோவிந்தராஜ் கைதட்டினார்.

நான் நடந்துதான் போனேன். ஓடினால் மற்றவர்கள் பதறிவிடுவார்கள். தையல் பிரிக்கப் பதினோரு நிமிஷம் ஆனது. நல்ல தையல். ஆஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், வெயில் தாக்கியது என்று எழுதினார். அவர் பார்த்தது பெருமாளைத்தான், தோலை அவர் பார்க்கவில்லை. அதற்குள் நான் அதைத் துண்டு போட்டு வஜ்ரப் பசை காய்ச்சுகிறவர்களிடம் கொடுத்துவிட்டேன். மணலில் கிடந்தால் நாய் இழுக்கும்.

பெருமாள் சம்சாரம் அமிர்தவள்ளிக்கு நான் செய்யாதது இல்லை. காரியம் முடியும்வரை அங்கேயே இருந்தேன். டேனரியில் தோல் துடைக்கிற வேலை அவளுக்கு வாங்கிக் கொடுத்தேன். சந்தோஷமாக இருக்கட்டும் என்று போகும்போதெல்லாம் சிரிப்பு வருகிற மாதிரி ஏதாவது சொல்வேன். ஆனால் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்த நாலணா ஓட்டை வழியாகப் பார்த்தால் எதிரில் நிற்கிற ஆள் தெரிவானா, மாட்டானா. கிருஷ்ணராஜைக் கேட்டேன், நெகட்டிவ் நல்லா வந்திருக்கு, இப்ப எதுக்கு அந்தப் பேச்சு என்றார். கோவிந்தராஜ் தலையெழுத்து என்றார். கேமராக்காரர் டீ வாங்கிக் கொடுத்தார். கேமரா உதவியாளனைக் கேட்டேன், அவன் கேட்காத மாதிரி போய்விட்டான். நீயே மாட்டிப் பார்க்க வேண்டியதுதானே என்பீர்கள். என் தலை கொஞ்சம் பெரிசு.

வருஷம் திரும்புவதற்குள் படம் வந்துவிட்டது. அணைக்கட்டு என்கிற ஊரில் டூரிங் டாக்கீஸில் பார்த்தேன். முதல் பாதி சிரித்தார்கள், லுங்கிக்கும் சிரித்தார்கள். அந்தக் காட்சியில் மட்டும் பெண்கள் அலறினார்கள், ஒரு பெரியவர் எழுந்து வெளியே போனார். அதை நான் நாலு ஊரில் பார்த்தேன். ஒவ்வொரு ஊரிலும் திரையைப் பார்க்காமல் ஜனங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பிறகு ஆம்பூருக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மேட்னி, டேனரி லீவு. கொட்டகை முழுக்கத் தோல் வேலை செய்கிறவர்கள். அந்தக் காட்சி வந்தது. யாரும் அலறவில்லை. வண்டு காலைக் குறுக்கே தூக்கி நிற்கிறது. பின்னாலிருந்து ஒரு ஆள், வேலை நேரத்தில் பேசுகிற அதே குரலில், "டிரம்ம நிறுத்துடா" என்றான்.

டிரம் சுத்துகிற இடத்தில் காது கேட்காது ஏட்டையா. அதனால் கை பாஷைதான். இரண்டு கையையும் தலைக்கு மேலே குறுக்கே வைத்தால், ஆள் மாட்டிக்கிட்டான், நிறுத்து என்று அர்த்தம். ஆம்பூரில் பத்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும். மெட்ராஸில் இருந்துவிட்டு வந்த டைரக்டருக்குத் தெரியாது. இரண்டாம் தடவை வண்டு தூக்கியபோது ஏழெட்டுப் பேர் எழுந்து நின்றுகொண்டு திரையைப் பார்த்து, நிறுத்து நிறுத்து என்றார்கள். நான் பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்துவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்குப் பயம். வெயில் ஏறினால் சட்டைப் பட்டனைக் கழற்றிவிடுகிறேன். ஈரத்துணி உடம்பில் காய விடுவதில்லை. பலகையில் அடித்த தோல் காயும்போது கறுக் கறுக் என்று ஒரு சத்தம் வரும், அந்தச் சத்தம் வருகிற தெருவில் நடப்பதில்லை. ஆம்பூரில் அது வராத தெரு எது என்று நீங்களே சொல்லுங்கள். இரண்டு நாள் வீட்டுக்குள்ளேயே இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அமிர்தவள்ளி வந்தாள். படம் பார்த்தேன் அண்ணா என்றாள். பயமாக இருந்ததா என்று கேட்டேன். வாய்ப் பழக்கம்.

"அவரு நிறுத்தச் சொன்னாரு. யாரப் பாத்து சொன்னாரு?"

அங்கே பன்னிரண்டு பேர் நின்றோம், யாரைப் பார்த்து என்று எப்படிச் சொல்வது என்றேன்.

"பன்னண்டு பேர்ல டிரம்மு பாஷ தெரிஞ்சவரு யாரு?"

பதினாறு வருஷமும் அவன் டிரம்முக்குள் தோல் தள்ளுகிற ஆள், சுவிட்ச் பக்கம் நிற்பது நான். அவன் கை காட்டினால் நான் நிறுத்த வேண்டும். இது அவளுக்குத் தெரியாததா. அதனால் சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவன் முதல் தடவை தூக்கியபோதே எனக்குப் புரிந்துவிட்டது. நான் பதில் காட்டினேன். ஒரு விரலைத் தூக்கி, ஒரு வட்டம் சுத்தினேன். எங்கள் பாஷையில், இன்னும் ஒரு சுத்து, பொறுத்துக்கோ. எழுதிக்கொண்டீர்களா. ரோலில் அப்போது ரெண்டு நிமிஷம் மிச்சம் இருந்தது.

ஆனால் அவன் அதைப் பார்த்திருக்க முடியாது என்பதையும் அவளிடம் விளக்கினேன். ஓட்டை சிறிசு, கொஞ்சம் கீழே பார்த்தாற்போல் வைத்தது, மணல்தான் தெரியும். நான் நிறுத்தவில்லை என்பது அவனுக்குத் தெரியாமலே போயிருக்கும். யாரோ ஓடி வருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே நிம்மதியாகப் போயிருப்பான். எனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் அதுதான் அம்மா என்றேன்.

அவள் அழவில்லை. அந்தத் தலை இருக்கிறதா என்று கேட்டாள். பரண்மேல் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். முந்தானையால் தூசியைத் துடைத்துவிட்டு மாட்டிக்கொண்டாள். வாசலில் வெயிலில் போய் நின்றாள். அன்றைக்கு எவ்வளவு தூரத்தில் நின்றீர்களோ அங்கே போய் நில்லுங்கள் என்றாள். பதினைந்து தப்படி எண்ணிப் போய் வேப்பமரத்தடியில் நின்றேன். அன்றைக்குச் செய்ததைச் செய்யுங்கள் என்றாள்.

விரலைத் தூக்கி ஒரு வட்டம் சுத்தினேன். வண்டுத் தலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தெரிகிறதா அம்மா என்று கேட்டேன். அதுவரை எத்தனை பேரைக் கேட்டிருப்பேன்.

"தெரியுதுண்ணா. விரலு தெரியுது. சுத்தறது தெரியுது. நீங்க சிரிக்கிறது கூட தெரியுது."