தெய்வச் செயலும் துருப்பிடித்த போல்ட்டும்

மேடையின் நடுவே வீற்றிருக்கும் விழாத் தலைவர், எங்கள் கல்லூரி முதல்வர் திரு. லக்ஷ்மிநாராயணன் அவர்களே! அவருக்கு வலமும் இடமும் அமர்ந்து, நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட துறைத் தலைவர்களே! பிள்ளையைச் சேர்த்தோம், போனோம் என்றில்லாமல், அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள் பார்ப்போம் என்று உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே! காலையிலேயே மீனை ஏலத்தில் விட்டுவிட்டு, திருக்கழுக்குன்றம் பேருந்தில் நின்றுகொண்டே வந்து சேர்ந்திருக்கும் தாய்மார்களே! வேறு பாடம் கிடைக்காததால் வணிகச் சட்டத்தைக் காதலிக்க முடிவு செய்திருக்கும் முதலாமாண்டு மாணவச் செல்வங்களே! அனைவரையும் வணங்கி, வணிகச் சட்ட அறிமுகப் பாடத்தைத் தொடங்குகிறேன்.

வணிகச் சட்டம் என்றால் என்ன? வாங்குபவர் ஒருவர், விற்பவர் ஒருவர், நடுவே ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு இருவரும் ஒரே பொருள் கொண்டால் அது வணிகம். வேறு வேறு பொருள் கொண்டால் அது வழக்கு. இவ்வளவுதான் பாடம். மீதியெல்லாம் தேர்வுக்காக.

நம் கடற்கரைக்கு இது புதிதல்ல. சதுரங்கப்பட்டினத்துக் கோட்டையைப் போய்ப் பாருங்கள். டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக வணிகம் செய்த இடம். இன்று அங்கே மிச்சமிருப்பது சில சுவர்களும் சில கல்லறைகளும். லாபம் எங்கே? அது அன்றே கப்பலேறிவிட்டது.

இனி நான் சொல்லப்போவது கதையல்ல, வழக்கு.

அந்தக் கோட்டைக்குப் பக்கத்துக் குப்பத்தில் தணிகைவேல் என்றொரு மீனவர் இருந்தார். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரச் சொகுசு விடுதி ஒன்றில், விருந்தினர்களைப் படகில் ஏற்றி ஒரு சுற்று சுற்றிக்காட்டுவது அவர் வேலை. எந்த விடுதி என்கிறீர்களா, பின்வரிசைத் தம்பி? பெயரைச் சொன்னால் அவதூறு. அது இரண்டாமாண்டுப் பாடம்.

விடுதி அவரைத் தொழிலாளி என்று அழைக்கவில்லை. 'படகுச் சேவை ஒப்பந்ததாரர்' என்று அழைத்தது. எவ்வளவு பெருமை! தொழிலாளி என்றால் விடுப்பு வேண்டும், காப்பீடு வேண்டும். ஒப்பந்ததாரர் என்றால் மரியாதை மட்டும் போதும். அந்த ஒப்பந்தத்தில் ஒரு வரி: தெய்வச் செயலால் விளையும் எந்த இழப்புக்கும் விடுதி பொறுப்பாகாது.

விருந்தினர்கள் படகில் ஏற ஒரு மிதவை போட்டிருந்தார்கள். கீழே காலி டிரம்கள், மேலே பலகை, இரண்டையும் பிணைக்க இரும்பு போல்ட்டுகள். உப்புக் காற்று இரும்பை என்ன செய்யும் என்று இந்தத் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தணிகைவேல் மேலாளர் ஸ்டான்லியிடம் போய்ச் சொன்னார்.

"சார், மிதவ ஆடுது சார். போல்ட்டு பூரா துரு ஏறிக்கினு கீது. மாத்தி வுடுங்க."

"இன்னா அண்ணாத்த, கப்பலா ஓட்டுற? நாலு பலகை. சீசன் போய்க்கினு கீது. மழைக்கு முன்னாடி மாத்திக்கலாம்."

"மழ வரைக்கும் நான் கீறனோ இல்லியோ சார்."

சிரித்திருக்கிறார்கள். இருவரும்தான்.

இதை யார் சொன்னது? உடன் வேலை பார்த்த சாம், சாவு வீட்டில் அழுதுகொண்டே சொன்னார். விசாரணையில் கேட்டபோது அவருக்கு எதுவும் நினைவில்லை. இடையில் அவருக்குப் பதவி உயர்வு வந்திருந்தது. பதவி உயர உயர ஞாபகம் குறைவது மருத்துவர்கள் ஆராய வேண்டிய விஷயம்.

ஆம், சாவு வீடு. இரண்டு ஆண்டுகளுக்கு முன், மாசி மாதத்தில் ஒரு காலை. புயல் இல்லை, பேரலை இல்லை, குளம் போலக் கிடந்தது கடல். மிதவை பிளந்தது. பலகையும் டிரம்களும் கவிழ்ந்து தணிகைவேலின் மேல் விழுந்தன. கடலிலேயே பிறந்து வளர்ந்தவர், இடுப்பளவுத் தண்ணீரில் செத்தார்.

விடுதி என்ன சொன்னது? தெய்வச் செயல் என்றது. அதே விடுதிக்கு அந்த ஆண்டு விருந்தினர் கூட்டம் அலைமோதியபோது என்ன சொன்னது? நிர்வாகத்தின் தொலைநோக்கு என்றது. கூட்டம் வந்தால் நிர்வாகம். பிணம் வந்தால் தெய்வம்! இந்த வேலைப் பிரிவினைக்குத் தெய்வம் எப்போது கையெழுத்துப் போட்டது?

கை தட்டாதீர்கள். இனிமேல்தான் பாடம்.

இழப்பீட்டு விசாரணைக்கு அவர் மனைவி வச்சலா வந்தார். விடுதியின் வழக்கறிஞர் ராமானுஜம் மிக மென்மையானவர். கத்தவில்லை, மிரட்டவில்லை. நாற்காலி போடச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"அம்மா, உங்களுக்குச் சாமி நம்பிக்கை உண்டா?"

"இன்னா சார் இப்டி கேக்குறீங்க? ஆத்தாவ கும்பிடாம எங்க ஊட்டு ஆம்பள கடல்ல காலு வெச்சதில்ல."

"அப்படியானால் நடந்தது தெய்வச் செயல்தானே அம்மா?"

"அல்லாம் தெய்வச் செயல்தான் சார். நம்ம கையில இன்னா கீது?"

"பதிவு செய்துகொள்ளுங்கள்" என்றார் ராமானுஜம்.

தாய்மார்களே, உங்களைக் கேட்கிறேன். பிள்ளை பிறந்தால் என்ன சொல்கிறீர்கள்? பரீட்சையில் தேறினால் என்ன சொல்கிறீர்கள்? பேருந்து நேரத்துக்கு வந்தால்கூட என்ன சொல்கிறீர்கள்? தெய்வச் செயல்! அது துக்கத்தை விழுங்க உதவும் சொல். தொண்டையை அடைத்ததைத் தள்ளிவிடும் ஒரு வாய்த் தண்ணீர். அந்தத் தண்ணீரில்தான் அன்று தணிகைவேல் இரண்டாம் முறை மூழ்கினார்.

அவருடைய மகள் வினிதா சென்ற ஆண்டு, இதோ இந்தப் பாடத்தில், என் மாணவி. ஒப்பந்தம் எப்போது முறியும் என்ற பகுதிக்கு வந்தபோது எழுந்து நின்றாள்.

"சார், தெய்வச் செயல்னா சட்டத்துல இன்னா அர்த்தம் சார்?"

"எந்த மனிதராலும் எதிர்பார்க்க முடியாத, எவ்வளவு கவனமாக இருந்தாலும் தடுக்க முடியாத இயற்கை நிகழ்வு."

"துரு புடிச்ச போல்ட்டு அதுல வருமா சார்?"

"வராது."

"அப்ப எங்கம்மா சொன்னது வேற சார். அந்த வக்கீலு கேட்டது வேற."

எனக்கு அதுவரை அவள் யார் மகள் என்று தெரியாது. அன்று மாலை அவள் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் விளக்கியிருக்கிறாள். மறுபடி சாட்சி சொல்ல மனுப் போட்டார்கள். சேதி குப்பமெங்கும் பரவியது. பக்கத்து வீட்டு ஜோதிலட்சுமி வழிமறித்துக் கேட்டிருக்கிறார்.

"இன்னாடி வச்சலா, ஆத்தா மேலயே கேஸு போட்டுக்கிறியாமே?"

"ஆத்தா மேல இல்லக்கா. ஆத்தா பேர சொல்லித் தப்பிச்சிக்கினு கீறான் பாரு, அவன் மேல."

சொல்லிவிட்டார். ஆனால் அன்றிரவு அவர் உறங்கவில்லை என்றாள் வினிதா. ஆத்தா செய்யவில்லை என்று சபையில் சொல்வது அவருக்கு எளிதா? வழக்கில் வெல்ல வேண்டுமானால் வாழ்நாளெல்லாம் கும்பிட்ட தெய்வத்தைத் துறக்க வேண்டுமோ என்ற பயம் எப்படிப்பட்ட பயம்! அந்தப் பயத்தோடுதான் இரண்டாம் முறை போய் நின்றார்.

"ஆத்தா கீது சார்" என்றார். "ஆனா மிதவைக்குப் போல்ட்டு மாட்டுறது ஆத்தா வேல இல்ல. அத்த ஓட்டல்காரங்கதான் மாட்டணும்."

இதைவிடத் தெளிவான சாட்சி உண்டா? ராமானுஜம் எழுந்தார். அதே மென்மை.

"உங்கள் மகள் என்ன செய்கிறார் அம்மா?"

"செங்கல்பட்டுல காலேஜ் படிக்குது சார்." அந்த அறைக்கு வந்த நாள் முதல் அவர் முகத்தில் அப்போதுதான் ஒரு பெருமை தெரிந்தது.

"என்ன படிக்கிறார்?"

"பி.காம் சார். சட்டம்கூடச் சொல்லித் தராங்க."

"தெய்வச் செயல் என்றால் என்ன என்று உங்களுக்குச் சொன்னது யார்?"

"எம் பொண்ணுதான் சார்."

"நன்றி அம்மா. வேறு கேள்வி இல்லை."

உத்தரவு வந்தது. முதல் சாட்சி இயல்பானது, இரண்டாவது சொல்லிக்கொடுக்கப்பட்டது, எனவே முதல் சாட்சியே ஏற்கப்படுகிறது, இழப்பீடு கிடையாது! அறியாமல் சொன்னால் உண்மை, அறிந்து சொன்னால் பொய்! அறிமுகப் பாடத்தால் விளைந்த முதல் பயன் இது. இதைக் கல்லூரி மலரில் அச்சிடலாமா என்று முதல்வர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இன்னொன்று. விபத்து நடந்த சில நாட்களிலேயே விடுதியில் புதிய மிதவை வந்துவிட்டது. துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகள். தெய்வத்தின் செயலைத் தடுக்க எஃகே போதும் என்று நிர்வாகம் கண்டுபிடித்திருக்கிறது. பூசாரிகள் கவனிக்க!

உத்தரவு வந்த மறுநாள் வினிதா என்னிடம் வந்தாள்.

"நான் இந்தப் பாடம் படிக்காம இருந்திருந்தா எங்கப்பா கேஸு நின்னிருக்குமா சார்?"

"நின்றிருக்காது. உன் அம்மா முதல் முறை சாட்சி சொன்ன நாளிலேயே அது விழுந்துவிட்டது. விழுந்ததை முதலில் பார்த்தவள் நீ" என்றேன். அவள் நம்பவில்லை. மாற்றுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுச் சென்னைக்குப் போய், ஒரு துணிக்கடையில் புடவை விரித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அப்பாவின் வழக்கைத் தன் படிப்பு கொன்றுவிட்டது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

நண்பர்களே! படிப்பைக் குற்றமாக்கிவிட்டால் அதன் பிறகு வேறெந்தக் குற்றத்தையும் யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் அந்த உத்தரவின் ஆபத்து. ஒரு வீட்டில் ஒரு பெண் சொல்லின் பொருளை அறிந்தால், சொல்லிக்கொடுத்த சாட்சி என்பார்கள். தெருவே அறிந்தால்? குப்பமே அறிந்தால்? இந்தக் கரை முழுதும் அறிந்தால் யாரைக் காட்டி, யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்பார்கள்? கேட்கட்டுமே! ஊருக்கே தெரியும் என்று சொல்லுங்கள்! பொருள் தெரியாமல் தலையசைப்பது பக்தி அல்ல, பணிவும் அல்ல. அது அடுத்தவர் எழுதிய வரிக்கு நாம் போடும் கையெழுத்து!

மேல்முறையீடு அடுத்த மாதம் வருகிறது. வெல்வோம் என்று மேடையில் முழங்க எனக்கும் ஆசைதான். தோற்கவும் கூடும். ஆனால் வச்சலா அம்மா பின்வாங்கவில்லை. "பொண்ணு சொல்லிக் குட்தாத்தான தப்பு? நீங்க வாத்தியாரு, எனக்கே நேரா சொல்லிக் குடுங்க" என்று கேட்டு வந்தார். இதோ, அந்தப் பக்கம் தாய்மார்கள் வரிசையில் இருக்கிறார். என்னம்மா? கைபேசியைத் தூக்கிக் காட்டுகிறார். மகள் கேட்டுக்கொண்டிருக்கிறாளாம். கடையில் சாப்பாட்டு நேரமாம்.

வினிதா! ஒலிபெருக்கி கரகரத்தாலும் கேள். உன் மாற்றுச் சான்றிதழில் இன்னும் கையெழுத்தாகவில்லை. உன் இடம் காலியாகவே இருக்கிறது. இது தெய்வச் செயல் அல்ல. தலைவராக இங்கே அமர்ந்திருக்கும் முதல்வர் வேண்டுமென்றே, அறிந்தே செய்த காரியம். யார் கேட்டாலும் பொறுப்பு தன்னுடையது என்று சற்றுமுன் என் காதில் சொன்னார்.

பொறுப்பு என்னுடையது என்று சொல்ல இந்த ஊரில் ஓர் ஆள் கிடைத்ததற்கு அவருக்கு முதல் நன்றி. உட்கார்ந்து கேட்ட பெரியோர்க்கும், நின்றே கேட்ட இளையோர்க்கும், கைபேசியை இன்னும் இறக்காமல் பிடித்திருக்கும் அந்தத் தாய்க்கும் நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்!