ஆள் இருக்கிற வீடு

குழாய் ஒழுகுகிறது என்று யாராவது சொன்னால் அன்றைக்கே ஆள் அனுப்பிவிடுவேன். என் வீடுகளில் குடியிருந்தவர்கள் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சுவிட்ச், தாழ்ப்பாள், கழிவறைத் தொட்டி, எதுவானாலும் இரண்டாம் நாள் பேச்சே கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை. வாயால் சொன்னால் போதாது; எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வைத்துத் தர வேண்டும். நீங்கள் எப்போது சொன்னீர்கள், நான் எப்போது கேட்டேன் என்று பிற்பாடு இழுபறி பண்ணுவது எனக்குப் பிடிக்காது.

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் அறிக்கையைப் படித்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். "வீடு வாடகைக்கு விடுவதில் முன் அனுபவம் இல்லாத உரிமையாளரின் அறியாமையால் நேர்ந்த விபத்து." கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போகலாம் என்கிறீர்கள். நான் போகவில்லை. அந்த அறியாமை என்ற சொல்லை அடித்துவிட்டு, சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

பன்னிரண்டு வருடம் நைட் ஷிஃப்ட் பார்த்தவன் நான். குளிர்பதனக் கிடங்கில், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, எந்த அறையில் எத்தனை டிகிரி என்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. மனைவியின் முகத்தை முழுசாகப் பார்ப்பது வாரத்தில் ஒரு நாள். ஒருமுறை பாதி ஷிஃப்டில் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இனி எனக்குப் பதிலாகச் சுவர்கள் உழைக்கட்டும் என்று முடிவு செய்தேன். முதலில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றைக் கடனில் வாங்கினேன். இரண்டு நர்சுகள் குடி வந்தார்கள். அந்த வீட்டின் தவணையை அந்த வீடே கட்டியது. அந்தத் தைரியத்தில்தான் இரண்டாவதில் கை வைத்தேன்.

இரண்டாவது, மாடி வீடு. விலையைச் சொன்ன தரகர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"கீழ ஆள் இருக்காங்க சார். இருபத்திரண்டு வருஷமா அதே வாடகை. அதனாலதான் இந்த விலை. காலி வீடா இருந்தா நீங்க கிட்டயே வர முடியாது."

"எப்ப காலி பண்ணுவாங்க?"

"அவருக்கு எழுபத்தொண்ணு ஆகுது," என்றார், கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்பதுபோல.

இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த வழி இது. ஆள் இருக்கிற வீட்டை மலிவாக வாங்குவது, ஆள் போகிறவரை பொறுத்திருப்பது. ஆனால் வங்கிக்குப் பொறுமை கிடையாது. முதல் இரண்டு வருடம் தவணை குறைவு. மூன்றாம் வருடம் ஏறிவிடும். அதற்குள் கீழ் வீட்டை இரண்டாகத் தடுத்து இரண்டு குடும்பம் வைத்தால் பிழைத்தேன். இல்லாவிட்டால் இரண்டு வீடும் போய், நான் மறுபடி கண்ணாடி அறைக்குள். நாங்கள் மாடியில் குடியேறினோம்.

கீழே இருந்தவர் பல் செட் செய்கிறவர். பல் மருத்துவர்கள் அச்சு எடுத்து அனுப்புவார்கள். அவர் முன் அறையில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டே இருப்பார். சன்னலோரம் வரிசையாக ஈறுகள் காய்ந்துகொண்டிருக்கும். தெருவுக்கே அவர் பல்லுக்காரர். நான் அவரிடம் மரியாதையாகத்தான் பேசினேன். வேறு வீடு நானே பார்த்துத் தருகிறேன், முன்பணமும் தருகிறேன் என்றேன்.

"தம்பி, இந்தத் தெருவுல பாதிப் பேரு என் கைப் பல்லாலதான் சிரிக்கிறாங்க. பல்லு உடைஞ்சா நேரா இந்த வாசலுக்குத்தான் வருவாங்க. நான் எங்க போறது?" என்றார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "கவலைப்படாதீங்க. உங்களுக்கும் ஒரு செட்டு ஓசியில பண்ணிக் குடுத்துட்டுத்தான் போவேன்" என்று சிரித்தார்.

என் பல்லில் ஒரு குறையும் இல்லை.

இரண்டாம் வருடத்தில் பாதி ஓடிப்போனது. நான் காலண்டர் முன்னால் நிற்பதைப் பார்த்து மனைவி கேட்டாள்.

"அந்தப் பெரியவர் எப்ப போவார்னு பாக்கறீங்களா?"

"தவணை எப்ப ஏறும்னு பாக்கறேன்."

"உங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதானே," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு புறா வந்தது. பல்லுக்காரரின் மனைவி மாடியேறி வந்து சொன்னார். "தம்பி, குளிக்கிற ரூம் சன்னல்ல புறா கூடு கட்டிடுச்சு. ஒரே எச்சம். நேத்து இவரு தலையிலயே போட்டுடுச்சு. ஷாம்பூன்னு நெனச்சுத் தேய்ச்சிருக்காரு மனுஷன்."

எழுதித் தரச் சொன்னேன். புறா வராமல் சன்னலை அடைத்துத் தரும்படி பல்லுக்காரரே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். உங்கள் மேஜைமேல் இருக்கிறதே, அந்தக் காகிதம்தான். அதை வைத்துத்தான் என்னை நிரபராதி ஆக்கியிருக்கிறீர்கள்.

வழக்கமாக வருகிற பிளம்பரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். சன்னல் என்று பேர்தான். கூரையை ஒட்டி ஒரு முழ அகலத்தில் ஒரு திறப்பு. அந்த அறைக்குக் காற்று போக வர வேறு வழி இல்லை. அதற்குக் கீழே கேஸ் கீசர், பல்லுக்காரர் சொந்தச் செலவில் மாட்டியது. பிளம்பர் மேலே பார்த்தார், கீழே பார்த்தார்.

"வலை அடிச்சுடலாம் ஓனர், அரை மணி நேர வேலை. அடைக்க மட்டும் கூடாது. இது கரண்ட் கீசர் இல்ல, கேஸு. அடைச்சா நச்சுக்காத்து உள்ளேயே நின்னுடும். வாசனைகூட வராது. தலை சுத்தும், தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அப்படியே ஆள் போயிடும்."

"பெரியவருக்கு இது தெரியாதா?"

"தெரிஞ்சா அடைக்கச் சொல்வாரா? அவருக்குப் புறாவைத்தான் தெரியும்."

வந்து போன கூலியைக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டேன். மறுநாள் வேறு ஒரு கொத்தனாரைக் கூட்டிவந்து, செங்கல் வைத்து அடைத்துப் பூசி, வெள்ளையும் அடித்தேன். பல்லுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "அடைச்ச இடமே தெரியல தம்பி. என் வேலை மாதிரி இருக்கு" என்றார். அவர் லேசில் யாரையும் பாராட்டுகிறவர் இல்லை.

தலைவலி வரும், இந்த வீடு ஒத்துக்கொள்ளவில்லை என்று மகள் வீட்டுக்குப் போய்விடுவார்கள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். நம்புவதானால் நம்புங்கள். நம்பாவிட்டாலும் எனக்கு ஒன்றுமில்லை.

நாலாம் நாள் அந்த அம்மா குளித்துவிட்டு வந்து முன் அறையில் மயங்கி விழுந்தார். மருத்துவர் ரத்த அழுத்தம் என்று சொல்லி மாத்திரை கொடுத்தாராம். மறுநாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்று மூச்சு வாங்கினார்.

"தம்பி, உள்ள ரொம்பப் புழுக்கமா இருக்கு. சின்னதா ஒரு ஓட்டை மட்டும் போட்டுக் குடுக்க முடியுமா?"

"தாராளமா. எழுதிக் குடுங்கம்மா."

"அவரு இந்த வாரம் ஆறு செட்டு குடுக்கணும்னு தலையே நிமிரல. நான் எழுதினா கோழிக் கிறுக்கலா இருக்கும், நீங்களே சிரிப்பீங்க. நாளைக்கு அவரையே எழுதச் சொல்றேன்."

மறுநாள் காகிதம் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. வந்திருந்தால் செய்திருப்பேன். என் ஃபைலைப் புரட்டிப் பாருங்கள். எழுதிக் கொடுத்து நான் செய்யாத வேலை ஒன்றுகூட இல்லை.

வியாழக்கிழமை காலையில் அந்த அம்மா மாத்திரையை மாற்றி வாங்க மருத்துவமனைக்குப் போனார். என் மனைவியும் வேலைக்குப் போய்விட்டாள். ஒன்பதரை மணிக்குக் கீழே தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. பல்லுக்காரர் குளிக்கும்போது பாடுவார். ராகமும் இருக்காது, தாளமும் இருக்காது, ஆனால் விட மாட்டார். அன்றைக்கும் பாடினார். கொஞ்ச நேரத்தில் பாட்டு ஓய்ந்தது. தண்ணீர் ஓயவில்லை.

நான் இறங்கி வந்து மாடிப்படியில் உட்கார்ந்தேன். குளியலறைச் சுவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியும். உங்கள் அறிக்கையில் இருக்கிற அந்த அறியாமை, அந்தப் படியில் என்னோடு உட்கார்ந்திருக்கவில்லை.

மதியம் அந்த அம்மா வந்து அலறியதும், நான் ஓடிப்போய்த் தாழ்ப்பாளை உடைத்ததும் உங்களுக்குத் தெரியும். காரியம் முடிந்ததும் அந்த அம்மா மகள் வீட்டுக்குப் போய்விட்டதும் தெரியும். வீடு காலி. தடுப்புச் சுவர் பாதி எழும்பிவிட்டது. உங்களுக்குத் தெரியாதது இடையில் நடந்த ஒரே ஒரு காரியம்.

மேல் வீட்டுக்கும் கீழ் வீட்டுக்கும் மொட்டை மாடியில் ஒரே தொட்டி. அது காலியாகும்போது குழாய்க்குள் காற்று ஏறிக் கரகரவென்று இரையும். பாட்டு நின்று ஐந்தாறு நிமிடம் இருக்கும், அந்த இரைச்சல் ஆரம்பித்தது. கேஸ் கீசர் தண்ணீர் ஓடுகிறவரைதான் எரியும். தண்ணீர் நின்றால் நெருப்பும் தானாக அணைந்துவிடும். அப்போது அணைந்திருந்தால் பெரியவர் பிழைத்திருப்பாரா என்று உங்கள் மருத்துவரைக் கேட்டுப் பாருங்கள். பிழைத்துவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது.

எழுந்து போய் மோட்டாரைப் போட்டேன். தொட்டி நிரம்பி வழிகிறவரை ஓடவிட்டேன். எத்தனையோ வீட்டுக்காரர்கள் மோட்டார் போடவே அழுவார்கள், மின்சாரக் கட்டணம் ஏறுகிறது என்று. என் வீட்டில் குடியிருந்த யாருக்கும் ஒரு நாள்கூட, குளித்துக்கொண்டிருக்கும்போது, தண்ணீர் நின்றது கிடையாது.