பதினாறு போல்ட்

மகேந்திரனின் உயிருக்கு இருபத்தைந்து லட்சம் என்று விலை வைத்தவன் நான்தான் இன்ஸ்பெக்டர் சார். டெஸ்ட் டிரைவர் என்பதால் இன்ஷூரன்ஸ்காரன் ஏகப்பட்ட பிரீமியம் கேட்டான். நான் தொகையைப் பாதியாக்கி, பிரீமியத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன். அன்று ஆபீசில் எனக்கு ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்கள்.

நீங்களும் கொள்ளேகால் பக்கம் என்கிறீர்கள், அதனால் தமிழிலேயே சொல்கிறேன். அங்கே பட்டு வியாபாரிகள் நடுவில் வளர்ந்தவன் இந்தச் சுப்பையா. விலை படியவில்லை என்றால் எழுந்து நாலடி நடக்க வேண்டும். ஐந்தாவது அடிக்குள் பின்னாலிருந்து கூப்பிடுவார்கள். ஐம்பத்தாறு வயது வரை என்னைக் கூப்பிடாமல் விட்டவர் கிடையாது.

எங்கள் கம்பெனி, மைசூர் விஜயநகர் பென்ஷன்காரர்கள் காய்கறி வாங்கப் போகிற கார் செய்கிற கம்பெனி. அதற்குப் போய் முன்னூறு கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற கார் ஒன்று செய்ய ஆசை வந்தது. புது என்ஜின், எட்டு சிலிண்டர், மைசூரிலேயே வரைந்தது. உள்ளே பிஸ்டன் தண்டுகளை இறுக்கிப் பிடிக்கப் பதினாறு போல்ட். ஒரு முறை முறுக்கினாலே மயிரிழை அளவு நீண்டுவிடும். என்ஜினைப் பிரித்தால் அவற்றை எறிந்துவிட்டுப் புதிது போட வேண்டும்.

வாங்குவது என் வேலை. ஜெர்மனிக்காரனிடம் எட்டு சதவீதம் குறைக்கச் சொன்னேன். மாட்டேன் என்றான். அப்படியானால் வேண்டாம் என்று மெயில் போட்டுவிட்டு நடந்தேன். நாலடி, பத்தடி, ஒரு மாதம். அவன் கூப்பிடவே இல்லை சார். அவன் ஊரில் வேண்டாம் என்றால் வேண்டாம்தானாம். எங்கள் முறையை வேறு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டான். நானே போய்க் கெஞ்சியபோது பதினான்கு வாரம் ஆகும் என்றான். முதலாளிகள் கார் ஓடுவதைப் பார்க்க வருவதற்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று ஓடாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள். ஏன் ஓடவில்லை என்று தோண்டினால் என் மெயில் வரும். தினமும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாது, பாருங்கள்.

என்ஜினைப் பொருத்துகிறவள் தமிழ்ப்ரியா. ஒவ்வொரு போல்ட்டையும் நீளம் அளந்துதான் போடுவாள். நீண்டுபோனது அவளிடம் நிற்காது. அதனால், முதல் சோதனைக்குப் பிறகு என்ஜினைப் பிரித்தபோது எறிந்த பழைய பதினாறையும் குப்பைப் பெட்டியிலிருந்து வீட்டுக்கு எடுத்துப் போனேன். எவ்வளவு நீண்டதோ அவ்வளவை நுனியில் உப்புத்தாளால் தேய்த்தேன். கழுவி, எண்ணெய் தடவி, புது உறையில் போட்டேன். அவள் அளந்தாள், சரியாக இருந்தது, கையெழுத்துப் போட்டாள். அவளை விட்டுவிடுங்கள்.

முதலாளிகள் வந்த அன்று காலை மகேந்திரன் ஹெல்மெட்டோடு வந்தான். நம்ம பக்கத்து ஹனூர்க்காரன். எல்லாரையும் மாமா போட்டுத்தான் பேசுவான்.

"ஏனுங் மாமா, போல்ட் வந்துருச்சுங்களா? ஜெர்மனிக்காரன் உங்களுக்கே தண்ணி காட்டறான்னு கேள்விப்பட்டேன்."

"எனக்கா? அவன் கெஞ்சிக்கிட்டு அனுப்பினான்டா."

"அப்பச் சரிங். நீங்க வாங்குனதுன்னா கண்ண மூடிட்டு மிதிப்பேன்."

"கண்ணத் தொறந்துக்கிட்டே மிதி."

சிரித்தான். நான் நடந்தேன். நாலாவது அடியில், "மாமா, ஒரு நிமிசம்" என்று கூப்பிட்டான். நான் திரும்பவில்லை. என்ன கேட்க வந்தான் என்று இன்றுவரை தெரியாது.

மூன்றாவது சுற்றில் ஒரு போல்ட் அறுந்தது. தண்டு என்ஜினைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கார் சுவரில் போய் நின்றது. மிச்சத்தை நீங்களே வந்து பார்த்தீர்கள்.

அது தாங்கும் என்று மனதார நம்பினேன் சார். அதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

பக்கத்து சீட் ஏன் காலி என்று கேட்கிறீர்கள். மீட்டர் பார்க்க, எங்கள் கம்பெனியிலேயே வேலை பார்க்கிற என் மகன் ஹேமந்த் உட்கார்ந்திருக்க வேண்டியது. அவனுக்கு வயிற்றுப்போக்கு என்று அன்று காலையில் ஆபீசுக்கு நானே போன் செய்தேன். அவன் நன்றாகத்தான் இருந்தான். தூங்கிக்கொண்டிருந்தவன் அறையை வெளியே தாழ் போட்டுவிட்டு வந்தேன். அப்பன் மனசு, வேறொன்றுமில்லை.

போட்டது பதினாறு. பதினைந்து கடைசிவரை பிடித்தது, உங்கள் ஆட்களே எண்ணிப் பார்த்தார்கள். குறைந்தது ஒன்றே ஒன்றுதான் சார்.