ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம்

"எதிர்த்துப் பேசோணும்னுதானுங்க போனேன். எந்திரிச்சுத் தீர்மானத்தை வாசிச்சது என்ற மாமனாரா இருந்துட்டாருங்க."

அவிநாசியிலிருந்து திருப்பூர் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். மாமனார், மருமகன் இருவருமே நகராட்சி கவுன்சிலர்கள் என்று பேச்சில் தெரிந்தது. பக்கத்திலிருந்த பெரியவர் அவருடைய வீதிக்காரர்.

"அப்ப நம்ம வீதிக் கெணறு பனியன் சலவைப் பட்டறைக்குப் போனது இப்படித்தானா தம்பி?"

"பத்து வருசக் குத்தகைங்க. ஆருக்காச்சும் ஆட்சேபணை உண்டான்னு சேர்மன் கேட்டாருங்க. சபையில மாமனாரு நிக்கறப்ப மருமகன் எப்படிங்க எந்திரிக்கறது?"

"அது முடியாதுதான்" என்றார் பெரியவர். கேலியாகச் சொல்லவில்லை. "வேற ஒருத்தரும் பேசலியா?"

"எல்லாரும் என்ற மூஞ்சியத்தானுங்க பாத்தாங்க. என்ற வார்டுக் கெணறு. நானே சும்மா இருந்தா அவிய என்னத்தப் பேசுவாங்க? ஒருமனதா நெறவேறுச்சுன்னு எழுதிட்டாங்க."

சாலையோரக் கொடிகளில் வெளுத்த பனியன் துணி காய்ந்துகொண்டிருந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

"உங்க ஊட்டுக்குத் தண்ணி?"

"மாமனாரு அவரு ஊட்டுக் கெணத்துல எடுத்துக்கச் சொல்லிட்டாருங்க. அடுத்த வீதிதானுங்க."

"அப்பறமென்ன."

"என்ற சம்சாரம் கொடத்தத் தூக்கிக்கிட்டு, அவிங்கப்பன் ஊட்டு வாசலத் தாண்டி ஆத்து ஊத்துக்குப் போறாளுங்க. ஏன்னு கேட்டேன். வீதிப் பொம்பளைங்க அங்கதான போறாங்கன்னா. எங்கிட்ட அவ கடைசியாப் பேசுனது அதுதானுங்க."