கீழிருந்து வைத்த தீ

எனக்குப் புகை ஒத்துக்கொள்ளாது. பக்கத்து வீட்டில் குப்பையைக் கொளுத்தினால்கூட ஜன்னலைச் சாத்திவிடுவேன். இப்படிப்பட்டவளுக்கு இந்த வேலை எப்படி அமைந்தது என்று அலுவலகத்தில் கேலி செய்வார்கள். என் வேலை பெரும்பாலும் மேஜைமேல்தான். காட்டில் எந்தச் சரிவை எப்போது எரிக்க வேண்டும், தீயை எங்கே தொடங்கி எங்கே நிறுத்த வேண்டும் என்று வரைபடம் போட்டுக்கொடுப்பவள் நான்.

காட்டுக்கு நாமே தீ வைப்பதா என்று உங்களுக்குத் தோன்றலாம். தரையில் சருகு சேர்ந்துகொண்டே போனால், ஏதாவது ஒரு கோடையில் அதுவே பற்றிக்கொண்டு மரங்களையும் ஊரையும் சேர்த்து விழுங்கிவிடும். வெயில் ஏறுவதற்கு முன்பே நாம் அளவாக எரித்துவிட்டால் அந்தப் பயம் இல்லை. சுற்றிலும் செடிகொடியைச் சுரண்டி, மண் தெரிகிற மாதிரி ஒரு பட்டை விடுவோம். தீத்தடுப்புக் கோடு என்பது அதுதான். இதை ஊருக்குப் புரியவைப்பதற்குள் என் பாதி ஆயுள் போய்விட்டது.

மேற்குச் சரிவை எரிக்காமல் விட்டால் ஊர் பிழைக்காது என்று வருஷா வருஷம் சொன்னேன். வருஷா வருஷம் அதைத் தடுத்தது ஒரே ஆள். என் அண்ணன். சரிவின் உச்சியில் மரவீடு கட்டிக்கொண்டு, பறவைகளைப் படமெடுத்துக்கொண்டு தனியாக இருந்தான். ஊர்க்கூட்டத்தில் அவன் எழுந்து நின்றால் போதும், எல்லோரும் அவன் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அவனுக்குப் பேச்சு அப்படி வரும். கடைசிக் கூட்டத்தில் என் வரைபடத்தைத் தூக்கிக் காட்டினான்.

"என் தங்கச்சிக்குச் சின்ன வயசுல சோறு வடிக்கவே தெரியாது. அடிபிடிக்க வைக்கத்தான் தெரியும். அவகிட்ட போய்க் காட்டையே குடுத்திருக்கீங்க."

கூட்டம் சிரித்தது. என் மேலதிகாரியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தக் கோபத்தில் செய்தாள் என்று நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். நான் அவ்வளவு அற்பமானவள் இல்லை.

மேஸ்திரியை விட்டுவிடுங்கள். அதைச் சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன். எரிப்பு ஆட்களை மேய்ப்பவர் அவர். கவனக்குறைவு என்று அவரைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அந்த மனிதர் ஒன்றுக்கு இரண்டு தடவை கேட்டார். சரிவில் தீ வைத்தால் உச்சியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குவதுதான் முறை. கீழே வைத்தால் அது மேலே ஓடும். ஓடும் தீயைப் பிடிக்க முடியாது. ஊர் சம்மதித்துவிட்டது என்று சொல்லி மேலதிகாரியிடம் நான் கையெழுத்து வாங்கியிருந்தேன். அன்று காலை அடிவாரத்தில் என் வரைபடத்தைப் பார்த்ததும் மேஸ்திரி நெற்றியைச் சுருக்கினார்.

"கீழேர்ந்தா மேடம்? ஏறிடுமே."

"சருகு ஈரமா இருக்கு. மேலேர்ந்து வெச்சா பிடிக்காது."

"வீட்டைச் சுத்திக் கோடு?"

"வேற ஆளுங்களை வெச்சு நேத்தே போட்டாச்சு."

"உங்க அண்ணன்?"

"என் வீட்டுலதான் இருக்கான். காலைல சாப்பிட உக்காந்தவன் இன்னும் எழுந்திருக்கலை."

அவர் சிரித்துவிட்டு ஆட்களைக் கூப்பிட்டார். கூடப்பிறந்தவள் சொல்லும்போது யார்தான் மலையேறிப் போய்ப் பார்ப்பார்கள்?

சருகு ஈரமாக இல்லை. வீட்டைச் சுற்றி யாரும் கோடு போடவும் இல்லை. நான் துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜீப் பக்கத்தில் நின்றேன். பையில் போன் அதிர்ந்தது. அண்ணன். அதிர்ந்து ஓயும்வரை விட்டுவைத்தேன். மறுபடியும் அதிர்ந்தது. அப்புறம் நின்றுவிட்டது.

மேஸ்திரி ஓடிவந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வீடு போயிடுச்சு மேடம். என்னை மன்னிச்சிடுங்க. நல்லவேளை, அவர் உங்க வீட்டுல இருக்கார். வீட்டை இன்னொண்ணு கட்டிக்கலாம்."

"பரவாயில்லை, விடுங்க" என்றேன். மற்ற பக்கங்களில் தீ நான் போட்ட கோட்டிலேயே நின்றது. ஒரு முழம்கூடத் தாண்டவில்லை. இப்போது அந்தச் சரிவைப் போய்ப் பாருங்கள், இளம்புல் முளைத்திருக்கும். நான் தலைகுனிய வேண்டிய வேலை இல்லை அது.

அண்ணன் பிடிவாதமாகத் தடுத்ததால் உனக்கு வேறு வழியில்லாமல் போயிற்றா என்று கேட்கிறீர்கள். ஆமாம் என்று சொல்லச் சொல்லி வக்கீல் கண்ணைக் காட்டுகிறார். தண்டனை குறையுமாம். எனக்கு அது வேண்டாம்.

அண்ணன் சம்மதித்துவிட்டான். தீ வைப்பதற்குச் சில நாள் முன்னால் அவனே போன் செய்தான்.

"யோசிச்சுப் பாத்தேன்மா. நீ சொல்றதுதான் சரி. அன்னைக்கு அப்படிப் பேசினது தப்பு. அடுத்த கூட்டத்துல எல்லார் முன்னாடியும் நானே சொல்லிடறேன். எப்ப எரிக்கப்போறீங்க? நான் கீழ வந்துடட்டுமா?"

அவன் எழுந்து நின்று பேசுவது அப்படியே எனக்குத் தெரிந்தது. கூட்டம் உருகிப்போகும். கைதட்டும். ஊருக்காக விட்டுக்கொடுத்த பெரிய மனுஷன் என்று காலத்துக்கும் சொல்லிக்கொண்டிருப்பார்கள். இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வற்றக் கத்தியவள் நான்.

"இந்த வருஷம் அந்தப் பக்கமே நாங்க வரலைண்ணா," என்றேன். "நீ நிம்மதியா வீட்டுலயே இரு."

சரி என்றான். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான்.

சரிவு எரிய வேண்டியிருந்தது, எரிந்தது. ஊர் பிழைத்தது. நாளைக்கே கேட்டாலும் இதே வரைபடத்தைத்தான் போட்டுக்கொடுப்பேன். இதில் எனக்கென்று நான் எதுவும் செய்துகொள்ளவில்லை.