மாடி ஜன்னலுக்கு வந்த மெசேஜ்

மருமகள்: …தொடாதீங்க அத்தை, மௌஸை விடுங்க! ரெண்டும் ஒரே வைஃபைல சேர்ந்தாச்சு. இனிமே மாடி ஜன்னல்ல இருக்கற என் போனுக்கு என்ன மெசேஜ் வந்தாலும், கீழ இந்தக் கம்ப்யூட்டர்ல தெரியும்.

அத்தை: ஒயர் இல்லாமலா?

மருமகள்: இல்லாமதான். நீங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் மாடி ஏற வேண்டாம்.

அத்தை: என்ன பண்றது, இந்த வீட்டுல சிக்னல் அந்த ஜன்னலுக்கு மட்டும்தானே வந்து தொலையுது. என் முட்டி படற பாடு…

மருமகள்: அதான் கேக்கறேன். என் போனுக்கு வர்றதை நீங்க ஏன் ஏறி ஏறிப் பாக்கணும்?

அத்தை: சும்மா… பொழுது போகலை. ஏய், ஏய்! ஓரத்துல ஏதோ எட்டிப் பாத்துச்சு!

மருமகள்: கேஸ் சிலிண்டர் பதிவாயிடுச்சாம்.

அத்தை: சே.

மருமகள்: என்ன சே? நாளைக்குச் சமைக்க வேண்டாமா?

அத்தை: இதோ, இன்னொண்ணு!

மருமகள்: உங்க பிள்ளை. மதியம் என்ன சாப்பாடுன்னு கேக்கறார்.

அத்தை: இவன் ஒருத்தன், நேரங்காலம் தெரியாம… ஆமா, இன்னிக்குத் தேதி இருபதுதானே? அந்தச் செருப்புக் கம்பெனி போட்டிக்கு முடிவு சொல்ற நாள்?

மருமகள்: அத்தை… நான் வரைஞ்சதை அனுப்பினேன், மறுநாளே வேணாம்னுட்டாங்க. எத்தனை தரம் சொல்றது?

அத்தை: சொன்ன, சொன்ன. ஆனா என் காலை மடியில வெச்சு அளந்து வரைஞ்சியேம்மா… கட்டைவிரல் வளைஞ்சவங்களுக்கு வலிக்காத செருப்பு. பத்து வருஷமா செருப்புப் பட்டறையில அடுத்தவன் வரைஞ்சபடி தோல் வெட்டிக்கிட்டு இருந்த கை, முதல் தடவையா சொந்தமா ஒண்ணு வரைஞ்சது.

மருமகள்: ‘இதை யார் போடுவா’ன்னு உங்க பிள்ளை சிரிச்சார்ல?

அத்தை: அவன் கிடக்கான். அவன் செருப்பு சைஸே நான் சொன்னாதான் அவனுக்குத் தெரியும்… வந்துச்சு! படி, படி!

மருமகள்: ‘வாழ்த்துகள், உங்கள்…’

அத்தை: உங்கள்? உங்கள் என்ன?

மருமகள்: அவ்வளவுதான் தெரியுது. அது மேல அமுக்கினா முழுசா… ஐயோ அத்தை! அது மூடற குறி! போயிடுச்சு!

அத்தை: போயிடுச்சா? நகரு, நகரு!

மருமகள்: மெதுவா… என்ன இது, ரெண்டு ரெண்டு படியா தாவறீங்க? முட்டி என்னாச்சு?

அத்தை: முட்டி கிடக்கு! இதோ, போனை எடுத்துட்டேன்… கத்தறேன், கேளு! ‘உங்கள் செருப்பு வடிவம் முதலிடம் பெற்றுள்ளது. அடுத்த மாதம் தயாரிப்பு தொடங்குகிறது. ஒவ்வொரு ஜோடியிலும் உங்கள் பெயர் இருக்கும்.’ உன் பேரும்மா! ஊரே உன் பேரைப் போட்டுக்கிட்டு நடக்கப் போவுது!

மருமகள்: இல்ல அத்தை… யாரோ ஏமாத்தறாங்க.

அத்தை: ஏமாத்தறாங்களா? நீதானே அனுப்பின?

மருமகள்: அது வந்து… நான்…

அத்தை: மாடிக்குக் கேக்கலை! சத்தமா சொல்லு!

மருமகள்: அனுப்பவே இல்ல அத்தை! பொய் சொன்னேன்! கம்ப்யூட்டர்ல எல்லாம் நிரப்பிட்டு, தோத்துட்டா எப்படி முகத்தைக் காட்டறதுன்னு… அப்படியே எழுந்து போயிட்டேன்!

அத்தை: தெரியும்டி என் ராசாத்தி! நீ அழுதுக்கிட்டே முகம் கழுவப் போயிட்ட. ‘அனுப்பு’ன்னு ஒரே ஒரு பட்டன் பாக்கி இருந்துச்சு… நான் அமுக்கிட்டேன்!