மீட்டர் போட்ட வரைபடம்

காலையில் பல் தேய்ப்பதற்கு முன்பே பின்னூட்டங்களைப் பார்த்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. கெட்ட பழக்கம் என்று என் மனைவி கமலவல்லி சொல்லுவாள். ஓய்வுபெற்ற மனுஷனுக்கு அந்த அளவு கெட்ட பழக்கமாவது இருக்க வேண்டாமா என்று நான் திருப்பிக் கேட்பேன். பதிலுக்குக் காப்பி வரும்.

மைத்ரேயி, நீங்கள் எழுதித்தரச் சொன்னீர்கள், எழுதுகிறேன். நேற்று ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, கல்லூரியில் வரலாறு நடத்துகிறவருக்கே உரிய பொறுமையோடு அந்த வரைபடத்தை மேஜைமேல் விரித்து, "ஏன் சார் இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டீர்களே, எனக்குக் கோபமே வரவில்லை. உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஒரு வேலையை நேர்த்தியாகச் செய்துவிட்டு இரண்டு வருஷமாக ஒருவரிடமும் சொல்லிக்கொள்ள முடியாமல் இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை.

'இரு கரை' என்ற வலைப்பதிவைத் தொடங்கியவர் கியாசுதீன். பாலக்கரைக்காரர், பள்ளிக்கூடத்தில் வரலாற்று ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நான் வரைபடம் போடுகிற உத்தியோகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவன். பின்னூட்டத்தில் அவரோடு வாதாடப் போய், வாதம் வளர்ந்து, கடைசியில் மாதம் ஒரு விவாதம் என்று ஆகிவிட்டது. பஸ் நிலையம் ஊருக்கு வெளியே போகலாமா, தெருக்களுக்குப் பழைய பெயரைத் திருப்பி வைக்கலாமா, மலைக்கோட்டையைச் சுற்றி வண்டிகளை நிறுத்திவிடலாமா என்று எங்கள் ஊருக்கு என்ன தலைவலி உண்டோ அதையெல்லாம் எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் அவர், மறுபக்கம் நான். மாதக் கடைசியில் வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள்.

மரியாதை குறையக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. இரண்டாவது விதி கியாசுதீனின் மூளையில் உதித்தது. விவாதம் தொடங்குமுன், எதிராளியின் கட்சிக்குப் பலம் சேர்க்கிற ஒரு புதிய ஆதாரத்தை நாமே தேடிப்பிடித்து அவருக்குக் கொடுக்க வேண்டும். வாசகர்கள் அதற்குக் கேலியாகச் 'சீர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். "இந்த மாசம் பராசரன் வீட்டுச் சீர் என்ன?" என்று என் பெயரைச் சொல்லி விசாரிப்பார்கள். சீர் கொண்டுவந்தவர் எதிரிலேயே பாத்திரத்தைத் தட்டிப் பார்ப்பது மரியாதையில்லை அல்லவா. அதனால் வந்த சீரை நாங்கள் சரிபார்ப்பதில்லை. தனக்கு எதிரான ஆதாரத்தை எவனாவது பொய்யாகத் தயாரித்துக் கொடுப்பானா?

நான்கு வருஷத்தில் நாற்பத்து மூன்று விவாதம் நடந்தது. நாற்பத்து மூன்றிலும் அவர்தான் ஜெயித்தார்.

அவர் திமிர் பிடித்தவர் இல்லை, அதுதான் கஷ்டம். என்னைப் பாராட்டிக்கொண்டே தோற்கடிப்பார். 'பராசரன் அவர்களின் நுட்பமான கேள்வி என்னை இரண்டு நாள் தூங்கவிடவில்லை' என்று ஆரம்பித்தால், மூன்றாவது பத்தியில் நான் காலி. கமலவல்லி வாசலில் கோலப்பொடி டப்பாவை வைத்துக்கொண்டு, "என்ன, இந்த மாசமும் அவர்தானா? ஒரு தடவையாவது ஜெயிச்சுத் தொலையுங்கோளேன்" என்பாள். கேலிதான். ஆனால் நாற்பத்து மூன்று மாதம் அதே கேலியைக் கேட்டுப் பாருங்கள்.

எனக்கு அதில் சொந்த லாபம் ஒன்றும் கிடையாது. விவாத நாகரிகம் என்று ஒன்று இருக்கிறது. ஒரே ஆள் ஜெயித்துக்கொண்டே இருந்தால் அதை விவாதம் என்று சொல்வதா, பாராயணம் என்று சொல்வதா? சமநிலை வேண்டும் என்று நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செங்கழுநீர் வாய்க்கால் பிரச்சினை வந்தது. திருவானைக்காவல் பக்கம் ஓடுகிற சின்ன வாய்க்கால். அதை மூடி, சமயபுரம் போகிற பக்தர்களின் வேன்கள் நிற்க இடம் செய்யலாம் என்று ஒரு திட்டம். மூடலாம் என்பது என் கட்சி. என்னிடம் கார் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது, இருந்தாலும் அந்த மாதம் எனக்கு விழுந்த பக்கம் அது. மூடக் கூடாது, மழைத்தண்ணீர் வடிய வேறு வழி இல்லை என்பது கியாசுதீன் கட்சி. வீடு வீடாகப் போய் மனிதர்களைக் கேட்டு, பழைய பதிவேடுகளைப் புரட்டி, நாற்பது பக்கம் சேர்த்திருந்தார். அத்தனையும் உண்மை. நாற்பத்து நான்காவது தோல்வி எனக்கு நன்றாகவே தெரிந்தது.

நான் சீர் தயாரித்தேன். கழித்துப்போட்ட பழைய வரைபடத் தாள் என்னிடம் ஒரு சுருள் இருந்தது. பழைய எழுத்து, பழைய மை, ஓரத்தில் கொஞ்சம் டீ டிகாஷன். 1908 என்று தேதி போட்டு, வாய்க்காலை அகலமாக, கம்பீரமாக, 'வெள்ள வடிகால், மூடத்தக்கதன்று' என்ற குறிப்போடு வரைந்தேன். ஒன்பது நாள் வேலை. கடைசியில் கீழ்மூலையில் அளவுகோலை மீட்டரில் போட்டேன். அந்தக் காலத்தில் நம் ஊரில் அடிக்கணக்கு என்பது உங்கள் முதலாண்டு மாணவனுக்குத் தெரியும். தேடிப் பார்க்கிறவன் கண்ணில் படும், நம்புகிறவன் கண்ணில் படாது.

நானே பாலக்கரைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் மனைவி கமர் ஜஹான் டீயும் பேரீச்சம்பழமும் வைத்தார். கியாசுதீன் தாளை விரித்து, வாய்க்காலின் மேலேயே விரலை ஓட்டினார்.

"மாஷா அல்லாஹ். எங்க கெடச்சுது சார் இது?"

"பழைய பேப்பர் கடையிலங்க."

"இது வந்துட்டா உங்க கட்சி காலி சார். தெரிஞ்சேவா குடுக்குறீங்க?"

"விதின்னா விதிதானேங்க."

என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது. எனக்கும் மனம் நெகிழ்ந்துதான் போயிற்று, அதை மறைப்பானேன். வரும்போது பேரீச்சம்பழத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்பினார்கள். நல்ல பழம்.

அவர் வரைபடத்தைப் பதிவில் போட்டார், நான் கேட்டுக்கொண்டபடி யார் கொடுத்தது என்று மட்டும் சொல்லாமல். அரசுத் தரப்பு கூட்டிய கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தருகிற நாற்பது பக்கத்துக்கும் முதல் பக்கமாக அதையே வைத்தார். கூட்டத்துக்கு முதல்நாள் காலை, 'நேர்கோடு' என்ற பெயரில் ஒரு வாசகர் பணிவாக ஒரு கேள்வி கேட்டார்: ஐயா, 1908இல் மீட்டரா? அந்த நேர்கோடு நான்தான். அதற்குமேல் நான் ஒரு வார்த்தை எழுதவில்லை. எழுத அவசியமும் ஏற்படவில்லை.

மத்தியானத்துக்குள் இருநூறு பின்னூட்டம். பாதிப்பேர் மீட்டரைப் பற்றி எழுதினார்கள். மீதிப்பேர் வேறு மாதிரி. பாய்க்கு எதுக்கு எங்க ஊர் வரலாறு, போலி பண்றதே இவங்க வேலை, இந்த ரகம். அதுவரை எங்கள் பதிவில் அப்படி ஒருவர் எழுதியதில்லை. பின்னூட்டங்களைப் பார்த்து நீக்குகிற பொறுப்பு என்னுடையது. நீக்கினேன். மூன்று நாள் கழித்து நீக்கினேன். கருத்துச் சுதந்திரம் என்று ஒன்று இருக்கிறது, எடுத்த எடுப்பில் கத்தரியைத் தூக்கக் கூடாது.

கூட்டத்தில் ஒரு அதிகாரி வரைபடத்தைத் தூக்கிக் காட்டினார், எல்லோரும் சிரித்தார்கள். மற்ற நாற்பது பக்கத்தை யாரும் திறக்கவில்லை. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கியாசுதீன் எழுந்து நின்று, மைக் தேவையில்லை என்று கையால் தள்ளிவிட்டுச் சொன்னார்: "இந்தப் படம் போலிதாங்க. சரிபார்க்காம கொண்டாந்தது என் தப்பு. இதுல வேற யாருக்கும் பங்கில்ல. மத்த பக்கத்தையாவது தயவுசெஞ்சு படிங்க." என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பெரிய மனுஷன்.

அன்று இரவோடு எழுதுவதை நிறுத்திவிட்டார். பதிவின் கடவுச்சொல்லை எனக்கே அனுப்பினார், 'இனி நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று ஒரே வரி. பள்ளிப்பிள்ளைகளுக்கு ஊர் வரலாறு எழுத அவரைக் கேட்டிருந்தவர்கள் வேறு ஆளைப் பிடித்துக்கொண்டார்கள். போன மாதம் கமர் ஜஹான் போன் செய்தார். "அவரு இப்ப பேப்பர்கூடப் பிரிக்கிறதில்லீங்க. புஸ்தகத்தையெல்லாம் பரண்ல ஏத்திட்டாரு. நீங்க ஒருநா வந்து பேசுனீங்கன்னா மனசு தேறும்." போக வேண்டும் என்றுதான் இருக்கிறேன். வெயில் கொஞ்சம் தணியட்டும்.

அந்த மாத ஓட்டு முந்நூற்றுப் பன்னிரண்டுக்கு நாற்பது. ஜெயித்தது நான். கமலவல்லி அக்காரவடிசல் பண்ணினாள். நெய் கையில் வழிந்தது. அப்படி ஒரு அக்காரவடிசலை அதற்கு முன்னும் பின்னும் நான் சாப்பிட்டதில்லை.

வாய்க்காலை மூடிவிட்டார்கள். போன ஐப்பசியில் அந்தத் தெருக்களில் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றது, அரிசி மூட்டையும் பாடப்புத்தகமும் மிதந்தன என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் படித்தேன். எங்கள் வீடு மாடியில் இருப்பதால் நேரில் பார்க்கும் வாய்ப்பில்லை.

இப்போது நீங்கள் கண்டுபிடித்த விஷயத்துக்கு வருகிறேன். போலிகளைப் பற்றி வகுப்பெடுக்க அந்த வரைபடத்தைக் கியாசுதீனிடம் கேட்டு வாங்கினீர்கள். வடக்கு காட்டும் அம்பின் வாலில் ஒரு சின்னத் தாமரை இருப்பதைக் கவனித்தீர்கள். என் மகள் ப்ரியம்வதாவின் கல்யாணப் பத்திரிகையில், மண்டபத்துக்கு வழிகாட்ட நான் போட்ட படத்திலும் அதே தாமரை. முப்பத்திரண்டு வருஷக் கைப்பழக்கம், என்னையறியாமல் விழுந்திருக்கிறது. பத்திரிகை உங்களுக்கும் வந்திருந்தது. சபாஷ் என்றுதான் சொல்வேன்.

அதற்குப் பிறகு நீங்கள் சொன்னதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. "கியாசுதீன் சாருக்கும் அந்தப் பத்திரிகை வந்திருக்கு சார். கூட்டத்துக்கு முந்தின நாளே அந்தத் தாமரையைப் பார்த்துட்டார். பத்திரிகையை வரைபடத்துக்குள்ளயே மடிச்சு வெச்சிருந்தார். இன்னிக்கு வரைக்கும் உங்க பேரைச் சொல்லலை. நானா கண்டுபிடிச்சதுக்கப்புறம்கூட, 'விட்டுடும்மா, அவருக்கு மனசு கஷ்டப்படும்'னுதான் சொன்னார்."

இப்படி ஒரு நண்பர் எத்தனை பேருக்குக் கிடைப்பார், சொல்லுங்கள்.

ஆக, வரைந்தது நான், கொடுத்தது நான், காட்டிக்கொடுத்ததும் நான். கையெழுத்துப் போட்டுத் தருகிறேன், எங்கே வேண்டுமானாலும் வெளியிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொள்வானேன். கியாசுதீன் விலகியபிறகு 'இரு கரை'யில் என்னோடு விவாதிக்கிற கே.கே. நகர் பீமராவ் இருக்கிறாரே, நீங்கள்கூட அவர் நடை பிரமாதம் என்று ஒருமுறை எழுதினீர்கள், அவரும் நான்தான். எதிராளி இல்லாமல் என்ன செய்வது? காலையில் என் கட்சியை எழுதுகிறேன், மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிட்டுச் சாயங்காலம் அவர் கட்சியை எழுதுகிறேன். கியாசுதீனின் நடையை நாலு வருஷம் படித்தவனுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை.

பீமராவ் அருமையான மனிதர். விஷயம் தெரிந்தவர், மரியாதை தெரிந்தவர், கடைசிப் பத்தியில் 'பராசரன் அவர்கள் சொல்வதே சரி' என்று தயங்காமல் எழுதிவிடுகிறார். கியாசுதீனும் அப்படி ஒரே ஒரு தடவை எழுதியிருந்தால் எனக்கு இந்த வேலையே வைத்திருக்க மாட்டார்.